உத்தரவு வந்திருக்கிறது

ஜூன் மாதம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் பள்ளிக்கூடப் பேச்சைத் தவிர வேறு பேச்சு இராது. எந்தப் பாடசாலையில் கட்டிடம் நன்றாயிருக்கிறது, எங்கே சம்பளம் குறைவு, சென்ற வருஷம் எத்தனை பேர் தேறினார்கள், வாசலுக்கு வண்டி வருமா என்றெல்லாம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் நமக்குத் தெரிந்த வரையில் யாரும் விசாரியாத கேள்வி ஒன்று இருக்கிறது. "இந்தப் பாடசாலையின் ஹெட்மாஸ்டர் தம் உபாத்தியாயர்களிடம் எப்படிப் பேசுவார்?" என்பதே அது.

ஏதோ உத்தியோகஸ்தர்களுக்குள் உள்ள சில்லறை விவகாரம் என்று நேயர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். குழந்தையோடு நாள் முழுவதும் பேசுகிறவர் உபாத்தியாயர். உபாத்தியாயரோடு பேசுகிறவர் ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டரோடு பேசுகிறவர், அல்லது பேசாமல் காகிதம் மட்டும் அனுப்புகிறவர், கல்வி அதிகாரி. காலை ஒன்பதரை மணிக்கு ஹெட்மாஸ்டரின் அறையிலிருந்து ஓர் உபாத்தியாயினி எந்த முகத்தோடு வெளியே வருகிறாரோ, அதே முகத்தோடுதான் முதல் வகுப்புக்குள் நுழைகிறார். அங்கே நாற்பது குழந்தைகள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. நம் நேயர்களின் குடும்பங்களில் ஓர் உபாத்தியாயரேனும் உபாத்தியாயினியேனும் இல்லாத குடும்பம் அபூர்வம். ஆகையால் நாம் சொல்வது எவ்வளவு வாஸ்தவம் என்பதை வீட்டுக்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

சேலத்திலிருந்து தர்மபுரி வழியாகப் பெங்களூருக்குப் போகும் ராஜபாட்டையில், சேலத்தை விட்டு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் சென்றால் ஓமலூர் வருகிறது. மேட்டூர் அணைக்குப் போகும் ரயில் கிளை பிரிவது இங்கேதான். சேர்வராயன் மலையில் பிறக்கும் சரபங்கா நதி இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தண்ணீர் இருக்கும் காலத்தில் ஓடுகிறது என்று சொல்வது இன்னும் பொருத்தம். சுற்றுக் கிராமங்களில் நிலக்கடலையும் குச்சிக்கிழங்கும் கரும்பும் விளைகின்றன. கரும்பு வெட்டும் நாட்களில் ஆலைக் கொட்டகைகளில் வெல்லப் பாகு கொதிக்கும் வாசனை ரஸ்தா வரையில் வீசும். தாரமங்கலம் பக்கம் போனால் தறிச் சத்தம். சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே கருப்பூரில் 1997ஆம் வருஷத்தில் ஏற்பட்ட பெரியார் சர்வகலாசாலை இருக்கிறது. அந்தச் சர்வகலாசாலையில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் தகப்பனார்களில் எத்தனையோ பேர் தாங்கள் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். அந்தப் பிள்ளைக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது ஏதாவதொரு கிராமத்து ஆரம்பப் பாடசாலையாகவே இருக்கும்.

அப்படிப்பட்ட ஆரம்பப் பாடசாலைகளில் இரண்டே உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்புக்களையும் பார்த்துக்கொள்ளும் பாடசாலைகள் தமிழ் நாடு முழுவதிலும் ஏராளம். அந்த இருவரில் ஒருவரே ஹெட்மாஸ்டர். 2022ஆம் வருஷத்தில் ஆரம்பமான 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளையும், அவர்களுக்கு எவ்வளவு வரும் என்பதை அனுசரித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தவேண்டும். நல்ல ஏற்பாடுதான். வயதைப் பார்க்காமல் வரவைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கமுங்கூட. ஆனால் இதைச் செய்ய ஓர் உபாத்தியாயினிக்கு மனம் அமைதியாக இருக்கவேண்டும். அரும்புக் குழந்தையின் கையைப் பிடித்து 'அ' எழுத வைக்கும்போது மேஜைமேல் கிடக்கும் கைத்தொலைபேசி 'டிணுக்' என்கிறது. உத்தரவு வந்திருக்கிறது!

என்ன உத்தரவு? இத்தனை குழந்தைகளின் விவரத்தை இன்று மாலைக்குள் 'எமிஸ்' என்னும் கணக்கில் ஏற்றவேண்டும். இன்ன உறுதிமொழியை எடுத்துக்கொண்டதற்குப் போட்டோ அனுப்பவேண்டும். நேற்று அனுப்பிய அதே விவரத்தை வேறொரு நமூனாவில் மறுபடியும் அனுப்பவேண்டும். உத்தரவு சென்னையில் பிறக்கிறது. சேலத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் காரியாலயத்துக்கு வருகிறது. அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலர், அவரிடமிருந்து வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் ஹெட்மாஸ்டர், கடைசியில் உபாத்தியாயர். கங்கை இறங்கி வருகிறாற்போல் இறங்கி வருகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. கங்கை இறங்க இறங்கப் பெருகுகிறது. உத்தரவோ ஒவ்வொரு படியிலும் ஒன்றை இழந்துகொண்டே வருகிறது. "ஏன்" என்பதை இழக்கிறது. இந்தக் கணக்கு யாருக்கு வேண்டும், எதற்கு வேண்டும், அதைக் கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பது மேலே ஒருவருக்குத் தெரிந்திருக்கும். கீழே வந்து சேர்வது "உடனே" என்னும் சொல் மாத்திரமே.

நம் நாட்டில் வட்டாரக் கல்வி அதிகாரிகளின் வேலையை நேரிற் பார்த்து ஆராய்ந்த யாமினி ஐயர் முதலியோர், அந்த அதிகாரிகள் தங்களையே தபாலாபீஸ் என்று வர்ணித்துக்கொண்டதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து வருவதைக் கீழே அனுப்புவது, கீழிருந்து வருவதை மேலே அனுப்புவது, அவ்வளவுதான் தம் உத்தியோகம் என்றார்களாம். இந்த வர்ணனையில் நமக்கு ஓர் ஆட்சேபணை உண்டு. தபாலாபீஸில் மேலே போகும் கடிதத்துக்குப் பதில் வருவதுண்டு.

உத்தரவின் பாஷையையும் சற்றுக் கவனிக்கவேண்டும். "அனைத்துத் தலைமை ஆசிரியர்களும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்", "அறிவுறுத்தப்படுகிறது", "தவறும் பட்சத்தில் துறை ரீதியான நடவடிக்கை எடுக்கப்படும்". கேட்டுக்கொள்ளுகிறவர் யார்? அறிவுறுத்துகிறவர் எங்கே? நடவடிக்கை எடுக்கப் போகிற கை எது? தெரியாது. தமிழில் செயப்பாட்டு வினையை இவ்வளவு தாராளமாக வழங்குகிற இடம் சர்க்கார் காரியாலயத்தைத் தவிர வேறில்லை. வீட்டில் யாராவது "சாப்பாடு பரிமாறப்படுகிறது, உடனே உண்ணப்படவேண்டும்" என்றால் நாம் எழுந்து ஓடிவிடமாட்டோமா? மனிதர் மனிதரிடம் சொன்னால் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ளலாம், மறுத்துச் சொல்லலாம், சந்தேகம் கேட்கலாம். ஆளில்லாத வாக்கியத்திடம் என்ன கேட்பது? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கும் பயமுறுத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உபாத்தியாயர்கள் மத்தியில் '17-ஏ', '17-பி' என்றால் குழந்தைக்குப் பூச்சாண்டி என்பது போல. அரசாங்க ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் வருகிற இலக்கங்கள் அவை. முன்னது சிறு தண்டனைக்கு, பின்னது பெருந் தண்டனைக்கு. இவற்றைச் சொல்லிப் பயமுறுத்துவதால் பாடம் நன்றாக நடக்கிறதா? 2003ஆம் வருஷத்தில் இந்தியா முழுவதும் சுமார் 3,700 பாடசாலைகளுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்து ஒரு பெரிய ஆராய்ச்சி செய்தார்கள். சர்க்கார் ஆரம்பப் பாடசாலைகளில் நாலில் ஓர் உபாத்தியாயர் அன்று வரவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேரே. அதே ஆராய்ச்சியில், அடிக்கடி வராமலிருந்ததற்காக ஓர் உபாத்தியாயரை வேலையை விட்டு நீக்கியதாக, ஏறக்குறைய 3,000 சர்க்கார் பாடசாலை ஹெட்மாஸ்டர்களில் ஒரே ஒருவர்தான் சொன்னார்! ஆகவே பயமுறுத்தல் எல்லாம் காகிதத்தில்தான். இது தெரிந்த சோம்பேறிக்குக் காகிதம் காகிதமே. உண்மையாக உழைக்கிற உபாத்தியாயினி ஒருத்திதான் அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறாள். யாரை அசைக்கவேண்டுமோ அவரை அசைக்காமல், யாரை அசைக்கக் கூடாதோ அவரை அசைக்கிற சாதனம் இது.

நேரிற் பேசாமல் உத்தரவு போடுவது நமது நாட்டுக்குப் பழைய வியாதி என்று சிலர் சொல்வார்கள். முழுவதும் அப்படியில்லை. ஓமலூர் அடங்கிய இந்தப் பிரதேசம் 1792ஆம் வருஷத்தில் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியார் கைக்கு வந்தபோது, காப்டன் ரீட் என்பவரின் கீழ் உதவி அதிகாரியாக வந்தவர் தாமஸ் மன்றோ. வடக்கே தர்மபுரியில் இருந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றி, ரயத்துக்களுடன் நேரிற் பேசிக் காரியம் பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்நிய ஆட்சியின் சேவகர்தான். வரி வசூலே அவர் வேலை. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் அவர் சென்னைக் கவர்னரான பிறகு 1822ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் செய்த காரியம் ஒன்று நம் விஷயத்துக்கு வேண்டும். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களைக் கேட்டார். கேட்கும்போதே, ஜனங்களின் பள்ளிக்கூடங்களில் தலையிடும் எண்ணம் தமக்கு இல்லை என்பதையும், அப்படி ஜனங்கள் நினைக்க இடங்கொடுக்கலாகாது என்பதையும் சேர்த்தே எழுதினார். எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள்.

பதில்கள் எல்லாம் வந்து சேரச் சில வருஷங்கள் பிடித்தன. 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணாக்கர்கள் என்று கணக்காயிற்று. 1826ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஒவ்வொரு தாசில்தாரிக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிக்கூடங்கள் என்று திட்டம் போட்டார். உபாத்தியாயர்களுக்குத் தாசில்தாரிப் பள்ளியில் மாதம் 9 ரூபாய், ஜில்லாப் பள்ளியில் 15 ரூபாய் என்று யோசனை. மறு வருஷமே அவர் இறந்துபோனார். பிறகு வந்தவர்களுக்கு அந்தத் திட்டத்தின் "ஏன்" தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலும் இல்லை. 1836ஆம் வருஷத்தில் தாசில்தாரிப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்ததுதான் மோசமான காலம். இங்கிலாந்தில் 1862ஆம் வருஷத்தில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பையன்களை ஒவ்வொருவராகப் பரீட்சிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அத்தனைக்குத் தகுந்தபடி பாடசாலைக்கு மானியம். சென்னை ராஜதானியிலும் அந்த முறை புகுந்தது. பையன் தலையில் உபாத்தியாயரின் அரிசி உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம். இன்ஸ்பெக்டர் உபாத்தியாயரிடம் ஒரு பேச்சும் பேசவேண்டியதில்லை, எண்களே பேசின. அந்த முறை இங்கிலாந்திலும் இங்கேயும் எப்போதோ ஒழிந்தது. ஆனால் "இன்ஸ்பெக்ஷன்" என்னும் சொல்லைக் கேட்டதும் பாடசாலைக்கு வெள்ளையடித்துத் தோரணம் கட்டும் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

போகவில்லை என்பது மாத்திரமல்ல. ஓமலூருக்குத் தெற்கே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன அந்தச் சீமையில் மாணாக்கர்களை விடுதியில் அடைத்து மார்க்கு விளைவிக்கும் தனியார் பாடசாலைகள் தோன்றியபோது, அவற்றுக்கும் கோழிப் பண்ணை என்று ஜனங்கள் பெயர் வைத்துவிட்டார்கள். மாகாணத்திலேயே முதல் ராங்கு எங்கள் பாடசாலைக்கு என்று பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் வரும். 2017ஆம் வருஷத்தில் சர்க்கார் ராங்கு வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் மார்க்கு ஒன்றே பேச்சாக உள்ள பாடசாலையில், பரீட்சை முடிந்ததும் தாளாளர் உபாத்தியாயர்களைக் கூட்டி வைத்து, "உங்கள் பாடத்தில் ஏன் இவ்வளவு குறைந்தது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பதை யார் நிறுத்துவது? எண்ணைக் காட்டிக் கேட்கிற கேள்விக்குக் காரணத்தைச் சொன்னால் சாக்கு என்பார்கள். இரண்டு முறை இப்படிக் கேட்கப்பட்டவர் மூன்றாவது வருஷம் வேறு பாடசாலையில் இருப்பார். நம் குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு கணக்கு உபாத்தியாயர் மாறுவதன் காரணம் பல இடங்களில் இதுவே. அமெரிக்காவிலும் இப்படித்தான். உபாத்தியாயர்கள் வேலையை விட்டு ஓடுவது ஏன் என்று ரிச்சர்டு இங்கர்சால் என்னும் பண்டிதர் ஆராய்ந்து 2001ஆம் வருஷத்தில் வெளியிட்டார். அதிருப்தியால் விலகியவர்கள் சம்பளக் குறைவோடு கூடச் சொன்ன காரணங்களில், நிர்வாகிகளின் ஆதரவு இல்லை என்பதும், பாடசாலைக் காரியங்களில் தங்கள் சொல்லுக்கு இடமில்லை என்பதும் முக்கியமானவை.

சொல்லாமல் செய்வது எவ்வளவு பெரிய மனிதரையும் சறுக்கச் செய்யும் என்பதற்குச் சேலத்து உதாரணமே இருக்கிறது. ராஜாஜி சேலத்தில் வக்கீலாயிருந்தவர். 1917ஆம் வருஷத்தில் அந்நகர முனிசிபல் சேர்மனானவர். அவரைவிடத் தெளிவாகப் பேசவும் எழுதவும் தெரிந்தவர் அக்காலத்தில் அபூர்வம். அப்படிப்பட்டவர் 1953ஆம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தபோது கிராமப் பாடசாலைகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலோ கிராமத் தொழிலோ பழகவேண்டும். அது குலத்தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப் போடும் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயும் எதிர்ப்பு மூண்டது. திட்டத்தின் உள்ளேயே இருந்த அந்தக் குற்றத்தை எவ்வளவு இனிமையாகப் பேசியிருந்தாலும் மறைத்திருக்க முடியாது, மறைக்கவும் கூடாது. நாம் இங்கே கவனிப்பது அதற்கு முந்திய ஒரு சங்கதி. முன்கூட்டிச் சட்டசபையில் யோசனை கேட்கவில்லை. இரண்டு பிரிவுக்கும் பாடம் சொல்லவேண்டிய உபாத்தியாயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குற்றத்தை முதல் நாளே எடுத்துச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். அமலுக்கு வந்த பிறகுதான் ஆராய்வதற்குப் பருலேகர் தலைமையில் கமிட்டி அமைந்தது. 1954ஆம் வருஷத்தில் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் மந்திரிசபை அந்த மே மாதத்திலேயே திட்டத்தை எடுத்துவிட்டது.

அதே வருஷத்தில் பள்ளிக் கல்வி டைரக்டராக வந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. 1956ஆம் வருஷத்தில் ஆரம்பமான மத்தியான உணவு ஏற்பாட்டிலும், பிறகு ஊர் ஊராக நடந்த பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளிலும் அவருடைய கை இருந்தது. அந்த மகாநாடுகளின் முறை நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒவ்வொரு பாடசாலைக்கும் என்ன வேண்டும் என்பதை உபாத்தியாயர்கள் ஜாபிதா எழுதவேண்டும். நாற்காலி, பெஞ்சு, கரும்பலகை, சுற்றுச் சுவர் எதுவாயினும் சரி. ஊரார் கூடியிருக்கும்போது அந்த ஜாபிதா வெளிவரும். முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள். அதாவது, கீழே இருக்கிறவர் எழுதிய காகிதத்தை மேலே இருக்கிறவர்கள் மேடையில் உட்கார்ந்து கேட்டார்கள். எத்தனையோ ஆண்டுகளாக ஒரே திசையில் ஓடிய காகிதம் எதிர்த் திசையில் ஓடிற்று. மண் சுவர்ப் பாடசாலையில் பத்து வருஷம் வாய் திறவாமல் இருந்த உபாத்தியாயருக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும்!

இன்னும் கிட்டத்து உதாரணம் வேண்டுமென்றால் 2003ஆம் வருஷத்துக்கு வருவோம். சென்னைக் கார்ப்பரேஷன் கமிஷனராக இருந்த எம். பி. விஜயகுமார், கார்ப்பரேஷன் பாடசாலைகளில் குழந்தைகள் ஐந்தாம் வகுப்பு முடித்தும் எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருப்பதைக் கண்டார். உத்தரவு போட்டிருக்கலாம். அவர் உபாத்தியாயினிகளை ஆந்திர தேசத்திலுள்ள ரிஷி பள்ளத்தாக்குக்கு அனுப்பி, அங்கே கிராமக் குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தாமாகவே படிப்பதைப் பார்த்துவரச் செய்தார். பார்த்துவிட்டு வந்தவர்களே நம் பாடங்களுக்கு ஏற்ற அட்டைகளைத் தயாரித்தார்கள். முதலில் 13 பாடசாலைகளில் நடந்தது. கரும்பலகை குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கிற்று. உபாத்தியாயினி நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். 2007ஆம் வருஷத்தில் இம்முறை மாகாணம் முழுவதும் பரவிற்று. அங்கேதான் வித்தியாசம் தெரிந்தது. தாமே பார்த்து, தாமே செய்தவர்கள் அதைத் தம் குழந்தைபோல் வைத்துக்கொண்டார்கள். சுற்றறிக்கையில் படித்துத் தெரிந்துகொண்டவர்களில் பலருக்கு அது இன்னொரு சுற்றறிக்கையாகவே இருந்தது. அட்டைகள் அலமாரியில் அழகாக இருந்தன. இன்ஸ்பெக்ஷன் அன்று வெளியே வந்தன.

காகிதம் மட்டும் போதும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதைக் கார்த்திக் முரளீதரன், அபிஜீத் சிங் என்னும் இரண்டு பொருளாதார நிபுணர்கள் மத்தியப் பிரதேசத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பாடசாலையையும் பரிசோதித்து, குறைகளைக் குறித்து, அபிவிருத்தித் திட்டம் எழுதுவது என்று விரிவான ஏற்பாடு நடந்தது. சோதித்தார்கள், குறித்தார்கள், எழுதினார்கள். அவ்வளவும் ஒழுங்காக நடந்தது. பிறகு பார்த்தால் உபாத்தியாயர் வருகையிலும் மாற்றம் இல்லை, பாடம் நடத்துவதிலும் மாற்றம் இல்லை, குழந்தைகளின் படிப்பிலும் மாற்றம் இல்லை! 2020ஆம் வருஷத்தில் இந்த முடிவு வெளியாயிற்று. அதற்குள் அதே ஏற்பாட்டைத் தேசத்தின் ஆறு லட்சம் பாடசாலைகளுக்கு விஸ்தரிக்க ஏற்பாடாகிவிட்டது. ஏனெனில் காகிதங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

இனி ஹெட்மாஸ்டரிடம் வருவோம். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இருபது, இருபத்தைந்து வருஷம் வகுப்பில் பாடம் சொல்லிவிட்டு, சீனியாரிட்டிப்படி ஒரு நாள் திடீரென்று அந்த நாற்காலியில் உட்காருகிறார். கணக்குப் போடத் தெரியும், இலக்கணம் தெரியும். பெரியவர்களிடம் குறை சொல்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடசாலைத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்கென்று 2012ஆம் வருஷத்தில் டில்லியில் ஒரு தேசிய நிலையம் ஏற்பட்டது உண்மை. அந்த வெளிச்சம் கிராமத்து இரண்டு உபாத்தியாயர் பாடசாலை வரையில் வந்து சேர்வது சுலபமா? அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரி, அவரிடம் மேலதிகாரி பேசுகிற மாதிரி. அதையே கீழே திருப்புகிறார். பத்து வயதுப் பையனை அதட்டிப் பழகிய குரல் வேறு கைவசம் இருக்கிறது.

ஒரு சிறு உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கரும்பு ஆலை நாட்களில் நாலாம் வகுப்பில் ஆறு பிள்ளைகள் வரவில்லை. ஒரு ஹெட்மாஸ்டர் பிரார்த்தனை நேரத்தில், குழந்தைகள் வரிசையாக நிற்கும்போதே, "டீச்சர், உங்க கிளாஸ்லே மட்டும் ஏன் இவ்வளவு ஆப்சென்ட்? நான்தானே மேலே பதில் சொல்லணும்?" என்கிறார். இன்னொருவர் மணி அடித்த பிறகு வகுப்பு வாசலுக்கு வந்து, "டீச்சர், அந்த ஆறு பேரும் எந்த ஆலைப் பக்கம் போயிருக்காங்கன்னு தெரியுமா? சாயங்காலம் ரெண்டு பேருமாப் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்கிறார். இருவருக்கும் வந்த உத்தரவு ஒன்றே. இருவரும் வேண்டுவது அந்த ஆறு பிள்ளைகளையே. முதல் டீச்சர் மறுநாளிலிருந்து ஆறு பேரையும் வந்ததாகப் பதிவு செய்துவிடக்கூடும். இரண்டாவது டீச்சருக்கு, அந்த ஆறு பேரில் ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காகவே வீட்டில் நிற்கிறாள் என்ற விவரம் தெரியவரும். தம்பியை அங்கன்வாடியில் விட்டால் அக்காள் நாலாம் வகுப்புக்கு வந்துவிடுவாள்.

இதற்கெல்லாம் நாவன்மை வேண்டியதில்லை. மேடையில் வெளுத்து வாங்குகிற ஹெட்மாஸ்டர்கள் சிலர் ஆபீஸ் அறையில் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள். வேண்டியவை சில எளிய பழக்கங்களே. வந்த உத்தரவைப் படித்துப் பார்த்து, எது இன்று செய்ய வேண்டியது, எது நாளைக்கு ஆகலாம், எது தாமே செய்துவிடலாம் என்று பிரித்துக் கொடுப்பது அவற்றுள் தலையாயது. காரணம் தெரிந்தால் சொல்லுவது. தெரியாவிட்டால் "எனக்கும் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பது. வகுப்பில் வந்து உட்கார்ந்து பாடத்தைப் பார்த்தால், "நன்று, முயற்சி தேவை" என்று புஸ்தகத்தில் எழுதிவிட்டுப் போகாமல், பார்த்த விஷயம் ஒன்றைப் பார்த்தபடி சொல்லுவது: "அந்தக் கடைசி வரிசைப் பெண் மூன்று தடவை கை தூக்கினாள், நீங்கள் பார்க்கவில்லை" என்று சொன்னால் மறுநாள் உபாத்தியாயினியின் கண் அங்கே போகும். "முயற்சி தேவை" என்று எழுதினால் எங்கே போகும்?

ஹெட்மாஸ்டருக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எமிஸ் வேலையிலிருந்து தங்களை விடுவிக்கவேண்டும் என்று உபாத்தியாயர் சங்கங்கள் வற்புறுத்தி வருவது இதனால்தான். கணக்கு வேண்டாம் என்று நாமும் சொல்லமாட்டோம். கணக்கு இல்லாவிட்டால் ஒரு குழந்தை பள்ளியை விட்டு நின்றது சேலத்துக்குத் தெரியாது, சென்னைக்கும் தெரியாது. ஆனால் ஒரே கணக்கை மூன்று தடவை கேட்கிறவர், முதல் தடவை அனுப்பியதைப் படிக்கவில்லை என்பதை உபாத்தியாயருக்குத் தாமே அறிவிக்கிறார். தான் எழுதியதை ஒருவரும் படிப்பதில்லை என்று தெரிந்த மனிதன் எதை எழுதுவான்? வாய்க்கு வந்ததை எழுதுவான். அப்படி எழுதப்பட்ட எண்களைக் கூட்டித்தான் அடுத்த வருஷத்துத் திட்டம் தயாராகிறது.

பெற்றோர்களாகிய நமக்கும் இதில் ஓரளவு அதிகாரம் உண்டு. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பாடசாலைகளிலும் உதவி பெறும் பாடசாலைகளிலும் மேலாண்மைக் குழு இருக்கவேண்டும்; அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரும் காப்பாளரும், பாதிப் பேர் ஸ்திரீகள். தமிழ் நாட்டில் 2022ஆம் வருஷத்தில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். குழுக் கூட்டத்துக்குப் போகிற தாய்மார்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறார்கள், அவசியம் கேட்கவேண்டும். அதோடு, உபாத்தியாயர்கள் இந்த மாதம் என்ன கேட்டார்கள், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்றும் கேட்டால் ஒருவரும் தடுக்க முடியாது. தனியார் பாடசாலையானால், ஐந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கிற உபாத்தியாயர்கள் எத்தனை பேர் என்று சேர்க்கும்போதே விசாரிக்கலாம். சம்பளத் தொகையைக் காட்டிலும் அந்த எண்ணே பாடசாலையைப் பற்றி அதிகம் சொல்லும்.

பாடசாலைகளில் உபாத்தியாயர் கூட்டப் பதிவேடு என்று ஒன்று வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அதன் பக்கங்கள் ஒரே மாதிரியாகவே இருக்கும். மேலே தேதி. அதன் கீழே "தலைமை ஆசிரியர் பின்வரும் அறிவுரைகளை வழங்கினார்" என்னும் வாக்கியம். ஒன்று முதல் பன்னிரண்டு வரையில் அறிவுரைகள். அதற்கும் கீழே உபாத்தியாயர்களின் கையெழுத்துக்கள். உபாத்தியாயர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு அப்பக்கத்தில் இடம் விட்டிருப்பதில்லை. அவ்விடத்தை விட ஒரு ஸ்கேலும் பென்சிலும் போதும். சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டிய அவசியம் இல்லை.